அப்பா ராட்டினமும் மகனின் முழங்கையும்

கேள்வி: யாங்கோனில் இருக்கிறோம். மகனுக்கு இரண்டரை வயது, சரியான வாலு. அவன் அப்பா கடை மூடி வந்ததும் இரண்டு கையையும் பிடித்து ராட்டினம் சுற்றுவார். போன வாரம் அப்படிச் சுற்றும்போது வீறிட்டு அழுதவன், இடது கையைத் தொங்கவிட்டு அசைக்கவே இல்லை. மாமியார் சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்தார், அழுகைதான் கூடியது. டாக்டர் கையைத் திருப்பி மடக்கினார். ஐந்து நிமிடத்தில் அதே கையால் பிஸ்கட் வாங்கினான்! மறுபடி வருமா? விளையாட்டை நிறுத்தச் சொல்லட்டுமா?

பதில்: விளையாட்டை நிறுத்த வேண்டாம், பிடியை மாற்றினால் போதும்.

முழங்கையில், முன்கை எலும்புகளில் ஒன்றான ஆரை எலும்பின் தலையைச் சுற்றி மோதிரம் போல ஒரு தசைநார் இருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு அது தளர்வானது. நீட்டிய கையை மணிக்கட்டில் பிடித்து வெடுக்கென்று இழுத்தால், மோதிரம் நழுவி மூட்டுக்குள் சிக்கிக்கொள்ளும். வீக்கம் பொதுவாக இருக்காது, பிள்ளை கையை மட்டும் தூக்காது. எண்ணெய் போட்டு உருவினால் அது விடுபடாது. 1 முதல் 4 வயதுக்குள்தான் இது அதிகம். 5 வயதுக்குமேல் தசைநார் இறுகிவிடுவதால் அரிது. அதுவரை மறுபடி வரலாம், சில பிள்ளைகளுக்கு வருகிறது.

கணவரை மட்டும் குறை சொல்லாதீர்கள். முகத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூச உட்காரவைத்தால் எழுந்து ஓடுகிறவனை எப்படிப் பிடிக்கிறீர்கள்? பஸ் படியில் எப்படி ஏற்றுகிறீர்கள்? ஒற்றைக் கையைப் பிடித்துத்தானே! கடைத்தெருவில் தரையில் புரண்டு அடம்பிடிப்பவனை இழுப்பதும், இறுக்கமான சட்டையிலிருந்து கையை உருவுவதும்கூட இதே வேலையைச் செய்துவிடும். திங்யான் தண்ணீர்த் திருவிழாக் கூட்டத்தில் கையைப் பிடித்து இழுத்துப் போவதைவிட, இடுப்பில் தூக்கிக்கொள்ளுங்கள்.

தூக்குவதென்றால் இரண்டு அக்குளிலும் கைகொடுத்துத் தூக்குங்கள். ராட்டினம் வேண்டுமா, மார்போடு அணைத்தபடி சுற்றட்டும். உப்பு மூட்டையும் தாராளமாகத் தூக்கலாம்.

மறுபடி கை தொங்கினால் வீட்டில் யாரும் திருக வேண்டாம், டாக்டரிடம் போங்கள். அதுவும் விழுந்து அடிபட்டிருந்தாலோ, வீங்கியிருந்தாலோ, கை கோணலாகத் தெரிந்தாலோ எலும்பு முறிவாக இருக்கலாம். எக்ஸ்ரே பார்க்காமல் திருப்பக் கூடாது. டாக்டர் சரிசெய்த பிறகும் அரைமணி நேரமாகக் கையை எடுக்கவில்லை என்றால் அங்கேயே மறுபடி காட்டுங்கள்.

அப்புறம் ஒன்று. தூக்கிப் போட்டுப் பிடிக்கிற பழக்கமும் உண்டென்றால், உங்கள் வீட்டுக்காரரை முதலில் மேலே பார்க்கச் சொல்லுங்கள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும்.