ஓடிபி யாரு போனுக்கு வருது?

கேள்வி: திருப்பூர்ல 12 பவர்டேபிள் தையல் மெஷின் வெச்சு பனியன் ஜாப்வொர்க் (கூலிக்குத் தெச்சுக் குடுக்கறது) பண்றேனுங்க. கம்பெனி என் பேர்லதான். ஆனா வர்றவங்கல்லாம் "அண்ணன் இல்லீங்களா"ன்னுதான் கேக்கறாங்க, செக்கும் எங்க வூட்டுக்காரருதான் போடறாரு. எனக்கு என்ன மதிப்புங்க? (பெயர் வேண்டாம்)

பதில்: அம்மணி, மொதல்ல ஒண்ணு கேக்கறேன், ஜிஎஸ்டி, பேங்க் ஓடிபி எல்லாம் யாரு போனுக்கு வருது? அவரு போனுக்குன்னா அதைய மாத்தறதுல இருந்து ஆரம்பிங்க, ஏன்னா தனி உரிமையாளர் கம்பெனில லோன் கட்டலைன்னாலும் ஜிஎஸ்டி பாக்கி நின்னாலும் பொறுப்பு முழுசும் உங்க தலைமேலதான், உங்க சொந்த சொத்து வரைக்கும் வரும். நீங்க எழுதிக் குடுத்த அதிகாரத்துலதான் அவரு செக் போடறாரு, பேங்குக்கு ஒரு லெட்டர் குடுத்தா அதை நீங்களே நிறுத்தலாம். இது வூட்டுக்காரரு மேல சந்தேகப்படறதில்லீங்க, சொல்லிட்டே செய்யுங்க.

அப்பறம், வேலை குடுத்தவங்க உங்களுக்குத் தர வேண்டிய பாக்கி. உதயம் பதிவு (சிறுதொழிலுக்கு அரசாங்கத்துல பண்ற பதிவு) இருக்குதான்னு பாருங்க. 2006 சிறுதொழில் சட்டப்படி, எழுதி ஒப்பந்தம் போட்டிருந்தாலும் 45 நாளுக்கு மேல இழுக்கக்கூடாது, ஒப்பந்தமே இல்லைன்னா 15 நாள்தான், தாண்டினா வட்டியோட தரோணும். அடுத்த தடவை பாக்கி கேக்கற போன் நீங்களே பண்ணுங்க. பில் நம்பர், தேதி, பீஸ் கணக்கு கையில வெச்சுட்டுப் பேசுங்க. "அண்ணன் கிட்ட பேசிக்கறேன்"னு சொன்னா, "கம்பெனி என்னுதுங்க, எங்கிட்டயே சொல்லுங்க"ன்னு நிறுத்திச் சொல்லுங்க, மொத ரெண்டு தடவை தொண்டை அடைக்கும், பரவால்லீங்க.