இந்தோனேசிய இளைஞர்கள் சொல்லும் 'திரிஃப்டிங்' என்றால் என்ன?

பழைய துணிச் சந்தையில் தேடி, யாரோ உடுத்திய உடையை வாங்கி அணிவதுதான் திரிஃப்டிங். ஜகார்த்தாவின் பசார் செனென், பண்டுங்கின் கெடெபாகே இரண்டும் இதற்குப் பேர்போன இடங்கள். 'சாப் காருங்', அதாவது 'சாக்குமூட்டை மார்க்' என்று இந்தத் துணிகளுக்குக் கிண்டல் பெயரும் உண்டு.

விலை மலிவு என்பது பாதிக் காரணம்தான். வேறு யாரிடமும் இல்லாத ஒரு ஜாக்கெட் சிக்கினால் இன்ஸ்டாகிராமில் தனி மவுசு.

துணி வருவது 'பால்' எனப்படும் (குடிக்கும் பால் இல்லை) அழுத்திக் கட்டிய பெரிய மூட்டையில். வியாபாரி அதைப் பிரித்துப் பார்க்காமலே முழுசாக எடுக்கிறார். மூடிய கூடையில் மாம்பழம் வாங்குவது மாதிரி: அடியில் எத்தனை அழுகல் என்று திறந்த பிறகே தெரியும். அந்த நஷ்டம் நல்ல உருப்படிகளின் விலையில் ஏறும். மூட்டை பிரித்த அன்று விலை அதிகம். கிளறிப்போட்ட மிச்சம் மலிவு.

காலர், ஜிப், அக்குள் தையலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அக்குளில் ஊறிய மஞ்சள் கறை லேசில் போகாது. வீட்டில் மற்ற துணியோடு சேர்க்காமல் வெந்நீரில் ஊறவைத்துத் துவைக்க வேண்டும். கம்பளிக்கு வெந்நீர் ஆகாது, சுருங்கிவிடும்.

திரிஃப்டிங்கே சட்டவிரோதம் என்று பலர் நினைக்கிறார்கள். 2015இல் வர்த்தக அமைச்சகம் தடைசெய்தது பழைய துணி இறக்குமதியை, உள்ளூரில் ஒருவர் உடுத்தியதை இன்னொருவருக்கு விற்பதை அல்ல.