பொருக்கு

அன்புள்ள ஐயா,

பாலைவன உயிர்களைப் பற்றி ஒரு தொடர் பார்த்தேன். கங்காரு எலி தண்ணீரே குடிக்காமல் வாழும் என்றார்கள். உண்மையா? ஒட்டகம் திமிலில்தான் தண்ணீரைச் சேமிக்கிறதா? இன்னொன்று: இவ்வளவு பாலைவனம் வெற்று நிலமாக வீணாய்க் கிடக்கிறதே, மரம் நட்டுச் சோலையாக்கினால் என்ன?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

திமிலில் இருப்பது கொழுப்பு. பள்ளிப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள், அதை விடுவோம். எலி விஷயம் உண்மைதான். காய்ந்த விதைகள் உடலுக்குள் எரிந்து ஆற்றலாகும்போது கொஞ்சம் நீர் உண்டாகும். அதை வைத்தே அது காலத்தை ஓட்டிவிடுகிறது. இதைக் கேட்டு வியந்தீர்கள் பாருங்கள், அந்த மனம் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் அடுத்த வரியிலேயே 'வெற்று நிலம்' என்று எழுத எப்படி மனம் வந்தது? சில நாட்களாக இந்தச் சொல்லைப் பற்றியேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன்.

பல வருடங்களுக்கு முன் அமெரிக்காவில், யூட்டா மாநிலத்துப் பாலைநிலத்தில் நடந்துகொண்டிருந்தேன். ஒரு புகைப்படத்துக்காகப் பாதையை விட்டு ஏழெட்டு அடி உள்ளே போய்விட்டேன். காலடியில் முட்டை ஓடு நொறுங்குவதுபோல ஒரு சத்தம். கூட வந்த வழிகாட்டி அம்மாள் அப்படியே நிற்கச் சொன்னார். கிட்டே வராமல், பாதை ஓரத்திலேயே குனிந்து, கரி அப்பியதுபோல் கறுத்துக் கிடந்த மண்ணில் புட்டித் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றினார். சுருண்டு கிடந்த பொடி இலைகள் கண்ணெதிரே விரிந்தன. பச்சைப் பசேலென்று பாசி! அதைத்தான் நான் மண் என்று மிதித்திருக்கிறேன்.

மண்மேல் மெல்லிய ஓடுபோல் படர்ந்திருந்த அந்தப் பொருக்கில் பாசி மட்டும் இல்லை. பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்து வாழும் லைக்கன் உண்டு, வெயிலில் தன் உணவைத் தானே தயாரிக்கும் நுண்ணுயிரான சயனோபாக்டீரியா உண்டு. ஈரம் பட்டதும் சயனோபாக்டீரியாவின் இழைகள் மணலுக்குள் ஊரும். போன வழியெல்லாம் பசையான உறையை விட்டுச் செல்லும். மணல் துகள்களை ஒன்றோடொன்று தைத்து வைப்பது அந்த உறைகள்தான். காற்று எவ்வளவு அடித்தாலும் மண் பறக்காமல் இருப்பது அதனால். காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துச் செடிகளுக்குச் சேர்ப்பதும் இந்தப் பொருக்குதான். உலக நிலப்பரப்பில் சுமார் 12 சதவீதம் இப்படிப் பொருக்கு மூடிய நிலம் என்று மதிப்பிடுகிறார்கள். ஒருமுறை உடைந்தால் பழையபடி கூடிவர எத்தனையோ பத்தாண்டுகள் ஆகும்.

இப்போது சொல்லுங்கள், உங்கள் சோலைக்கு முதலில் என்ன செய்வீர்கள்? வண்டி போகத் தடம் போடுவீர்கள். குழி வெட்டுவீர்கள். மரம் நட்டால் எங்கும் புண்ணியம் என்று யார் சொன்னது? அதிகமாக மேய்த்தும் உழுதும் மனிதன் பாழாக்கிய நிலத்தைத் திருத்துவது வேறு, தாராளமாகச் செய்யுங்கள். ஆப்பிரிக்காவின் நமீப் பாலைவனத்தில் வெல்விட்ஷியா என்ற செடி ஆயிரம் வருடத்துக்கு மேல் வாழும், அதுவும் ஆயுசு முழுக்க இரண்டே இலைகளோடு. அதன் பக்கத்தில் போய் நிழல் மரம் நடுவீர்களா? உங்களைப் போன்ற நல்ல மனசுக்காரர்கள் கையில்தான் எனக்குப் பயம், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அன்று திரும்பும்போது, போன தடத்திலேயே கால் வைத்து வரச் சொன்னார் அந்த அம்மாள். ஒவ்வொரு தடத்திலும் கறுப்புப் பொருக்கு உடைந்து, உள்ளே செம்மணல் தெரிந்தது. அதன்மேலேயே மறுபடியும் கால் வைத்து வந்தேன்.