அப்பாவுக்கும் அண்ணனுக்கும் தொழுநோய்: என் மகளுக்கும் வருமா?

கேள்வி: என் அப்பாவுக்குத் தொழுநோய் இருந்தது. உடம்பெல்லாம் தடிப்பு, காது மடல்கூடத் தடித்திருந்தது. ஒரு வருடம் மாத்திரை சாப்பிட்டுக் குணமானார். இப்போது அண்ணனுக்கு முழங்கை அருகே ஒரே ஒரு தேமல், அந்த இடத்தில் சொரணை இல்லை. அரசு மருத்துவமனையில் ஆறு மாத மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அதே வீட்டில் வளர்ந்த எனக்கு ஒன்றும் இல்லை. இது எங்கள் ரத்தத்தில் ஓடுகிறதா? மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவளுக்கு மரபணுப் பரிசோதனை செய்ய வேண்டுமா?
- வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: மரபணுப் பரிசோதனை வேண்டாம். வரன் பார்ப்பதையும் நிறுத்த வேண்டாம்.

தொழுநோய் கிருமியால் வருவது. 1873இல் நார்வே மருத்துவர் ஹான்சன் அந்தக் கிருமியைக் கண்டறிந்தார். அதுவரை மருத்துவர்கள் பலர் இதைப் பரம்பரை நோய் என்றே நம்பினார்கள். ஹான்சனின் மாமனாரும் பெயர்பெற்ற தொழுநோய் நிபுணருமான டேனியல்சனும் அப்படித்தான் சொல்லிவந்தார். ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று பேருக்கு வருவதைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். சிகிச்சை தொடங்காத ஒருவருடன் நெருங்கி, நீண்ட காலம் வாழ்பவர்களுக்கே பெரும்பாலும் தொற்றுகிறது. கிருமி மிக மெதுவாகப் பெருகுவதால் அறிகுறி தெரிய ஐந்து வருடம் ஆகலாம், சிலருக்கு இருபது வருடம்கூட ஆகிறது.

ஆனால் உங்கள் சந்தேகத்தில் பாதி உண்மையும் இருக்கிறது. கிருமி உள்ளே போனாலும் பெரும்பாலானவர்களுக்கு நோய் வருவதே இல்லை. அவர்களுடைய எதிர்ப்பு சக்தி அதை அடக்கிவிடுகிறது. அந்த எதிர்ப்பு சக்தி எப்படி வேலை செய்யும் என்பதில் பிறவியிலேயே வித்தியாசம் உண்டு. 1973இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்று இரட்டையர்களைக் கவனித்தது. ஒரே கருவில் இருந்து பிரிந்த இரட்டையர்களில் சுமார் 60 சதவீத ஜோடிகளில் இருவருக்குமே நோய் இருந்தது. வேறு வேறு கருவில் உருவான இரட்டையர்களில் அது 20 சதவீதம்தான். ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஆனாலும் இவ்வளவு வித்தியாசம். அதே சமயம், மரபணு முழுக்க ஒத்துப்போன இரட்டையரிலும் 40 சதவீத ஜோடிகளில் ஒருவர் தப்பியிருக்கிறார் என்பதையும் கவனியுங்கள்.

நம் ஊர் பக்கமும் ஆய்வு நடந்திருக்கிறது. தமிழ்நாடு, ஆந்திரக் குடும்பங்களில் நோய் கண்ட உடன்பிறந்தவர்களைப் பரிசோதித்து 2001இல் வெளியிட்டதில், 10ஆம் குரோமோசோமின் ஒரு பகுதிக்கு நோயுடன் தொடர்பு தெரிந்தது. 2004இல் வியட்நாம் குடும்பங்களில் வேறொரு மரபணு சிக்கியது. பார்க்கின்சன் நோயில் நரம்பியல் மருத்துவர்கள் பேசும் பார்க்2தான் அது. 2009இல் சீனாவில் இன்னும் சில வந்தன. அவற்றில் நாட்2 என்பது கிருமியின் சுவர்த் துண்டை அடையாளம் காண்பது. எச்எல்ஏ மரபணுக்கள் கிருமியின் துணுக்குகளை, எதிர்ப்பு சக்தியின் வெள்ளை அணுக்களில் ஒரு வகையான டி அணுக்களிடம் எடுத்துக் காட்டுபவை. இவற்றில் எந்த ஒன்றும் தனியாக நோயைத் தருவதில்லை. ஆளுக்கு ஆள், நாட்டுக்கு நாடு சேர்க்கை மாறுகிறது. அதனால்தான் பரிசோதனை வேண்டாம் என்றேன். அதில் என்ன முடிவு வந்தாலும் உங்கள் மகளுக்கு வருமா வராதா என்று யாரும் சொல்ல முடியாது.

சரி, அப்பாவுக்கு உடம்பெல்லாம், அண்ணனுக்கு ஒன்றே ஒன்று, ஏன்? கிருமி ஒன்றுதான், உடம்பு கொடுக்கும் பதில்தான் வேறு. இந்தக் கிருமி தோலிலும் நரம்பிலும் உள்ள அணுக்களுக்கு உள்ளேயே ஒளிந்து வாழ்வது. அண்ணன் உடம்பில் டி அணுக்கள் மும்முரமாக இருக்கின்றன. அவை இன்டர்ஃபெரான் காமா என்ற ரசாயனத்தை விட, கிருமியை விழுங்கிய அணு அதை உள்ளேயே கொல்கிறது. எனவே கிருமி மிகக் குறைவு, தேமலும் ஒன்றே. ஆனால் அந்தச் சண்டையில் பக்கத்து நரம்பும் அடிபடுகிறது, அதுதான் சொரணை போகக் காரணம். அப்பாவின் உடம்பு எதிர்ப்புப் புரதங்களை ஏராளமாகச் செய்திருக்கும். அணுவுக்குள் இருக்கும் கிருமியை அவை தொட முடியாது. கிருமி பெருகிப் பரவியிருக்கும். பெரும்பாலான நோயாளிகள் இந்த இரண்டு முனைகளுக்கும் இடையில் எங்கேயோ இருக்கிறார்கள்.

அண்ணனிடம் ஒன்று கட்டாயம் சொல்லுங்கள். சிகிச்சை நடக்கும்போதோ முடிந்த பிறகோ தேமல் திடீரெனச் சிவந்து வீங்கலாம், முழங்கையின் உள்பக்கம் ஓடும் நரம்பு தடித்து வலிக்கலாம், சுண்டுவிரலில் பலம் குறையலாம். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று பலர் அப்போது நிறுத்திவிடுகிறார்கள். இது எதிர்ப்பு சக்தி மறுபடி சீறுவது. மாத்திரையை விடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஸ்டீராய்டு கொடுத்தால் நரம்பு பெரும்பாலும் பிழைக்கும், தள்ளிப்போட்டால் விரல்கள் மடங்கிவிடலாம். அண்ணனின் மாத்திரைகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் சாப்பிடும் நாளில் சிறுநீர் சிவப்பாகப் போவது இதில் சேராது, அது மருந்தின் நிறம்தான்.

அந்த மாத்திரைகளில் டாப்சோனும் இருக்கும். அதைத் தொடங்கிய முதல் சில வாரங்களில் காய்ச்சலுடன் உடம்பெல்லாம் தடிப்போ கண் மஞ்சளாவதோ வந்தால் மட்டும், அடுத்த மாத்திரை போடாமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள். அரிதாக வரும் ஒவ்வாமை இது, ஆனால் உயிருக்கே ஆபத்தாகலாம். இதற்கும் ஒரு எச்எல்ஏ மரபணு வகைக்கும் தொடர்பு இருப்பதை 2013இல் கண்டறிந்தார்கள். இந்த நோயில் மரபணுப் பரிசோதனைக்கு உருப்படியான பயன் இருக்கும் இடம் இது ஒன்றுதான்.

அப்புறம் உங்கள் குடும்பம். அண்ணனுடன் வசிப்பவர்களும் நெருங்கிப் பழகுபவர்களும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தோலையும் நரம்புகளையும் காட்டிவிடுங்கள். நோய் இல்லை என்றால் ரிஃபாம்பிசின் ஒரே ஒரு வேளை தருவார்கள், அது நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கும். காசநோய் அறிகுறியோ கர்ப்பமோ இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். மகள் தாய்மாமனோடு பழகியிருந்தால் அவளையும் கூட்டிப் போங்கள். சிகிச்சை தொடங்கிய அண்ணனைத் தனித்தட்டு, தனி அறை என்று ஒதுக்காதீர்கள். தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாக வைத்திருந்த பிரிவுகளையே 2019இல் நாடாளுமன்றம் சட்டங்களிலிருந்து எடுத்துவிட்டது. சம்பந்தி வீட்டில் கேட்டால், அண்ணனுக்கு ஆறு மாத மருந்தில் குணமாகும் தொற்று என்று நிமிர்ந்தே சொல்லலாம்.