மீதி எங்கே போனது? – வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயா,

எம்.எஸ்சி. வேதியியல் முதலாண்டு முடித்திருக்கிறேன். இந்தக் கோடை விடுமுறையில் ஒரு மருந்து வேதியியல் லேபில் எட்டு வார இன்டர்ன்ஷிப். இப்போது ஏழாவது வாரம்.

எனக்குக் கொடுத்த வேலை சிறியதுதான். ஒரு கார்பாக்சிலிக் அமிலத்தையும் பிரிடின் வளையம் உள்ள ஓர் அமீனையும் இடிசி, எச்ஓபிடி என்ற இணைப்புப் பொருள்களைப் போட்டு டிஎம்எஃப் என்ற கரைப்பானில் இணைத்து அமைடு செய்யவேண்டும். முன்பு இங்கே இருந்த ஒரு சீனியர் இதே ரியாக்‌ஷனில் 71 சதவீதம் ஈல்டு (கிடைக்கவேண்டிய அளவில் கைக்கு வந்த பங்கு) எடுத்திருக்கிறார். அவருடைய நோட்டைப் பார்த்துத்தான் செய்தேன். மூன்று முறை செய்தும் எனக்குக் கிடைத்தது 12, 9, 14. இரவு முழுக்க ஓடவிட்டுக் காலையில் டிஎல்சி (கலவையில் உள்ளவற்றைத் தனித்தனி ஸ்பாட்டுகளாகப் பிரித்துக் காட்டும் தகடு) போட்டால் ஆரம்பப் பொருள் அநேகமாக இல்லை. புதிய ஸ்பாட் கொஞ்சம் வால்விட்டாலும் பளிச்சென்று தெரிகிறது. பிறகு எத்தில் அசிடேட்டில் எடுத்து, நீர்த்த எச்சிஎல் அமிலம், பைகார்பனேட், உப்புக் கரைசல் என்று வரிசையாகக் கழுவி, சிலிக்கா நிரப்பிய குழாயில் (காலம்) ஏற்றி இறக்கினால் மிஞ்சுவது ஒரு சிட்டிகைப் பொடி.

“அறிக்கையில் 60 என்று போட்டுவிடு, இன்டர்ன் செய்ததை யார் திரும்பச் செய்து பார்க்கப் போகிறார்கள்” என்கிறார் உடனிருக்கும் நண்பர். எனக்கு மனம் ஒப்பவில்லை. 12 என்று எழுதவும் கூச்சமாக இருக்கிறது. கண்ணாடிச் சாமான் கழுவியதைத் தவிர இங்கே என்ன செய்தேன் என்று தோன்றுகிறது.

ச.

அன்புள்ள ச.,

12 என்றே எழுதுங்கள். 9, 14 இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். மூன்று முறை செய்து மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் வந்திருக்கிறது என்றால் உங்கள் கை தடுமாறவில்லை. ஏதோ ஒன்று ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நடக்கிறது. அது என்ன என்பதுதான் இந்த வாரம் உங்களுக்கு மிச்சமிருக்கும் வேலை. 60 என்று எழுதிய கணமே அந்தக் கேள்வி செத்துப்போகும்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்களே துப்புகளை எழுதி வைத்திருக்கிறீர்கள். காலையில் ஆரம்பப் பொருள் இல்லை, புதிய ஸ்பாட் பளிச்சென்று இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் பொருள் உண்டாகிவிட்டது, பிறகுதான் தொலைகிறது. அடுத்தது, ஸ்பாட் வால்விடுகிறது. சிலிக்காவுக்கு லேசான அமிலத்தன்மை உண்டு. காரத்தன்மை உள்ள நைட்ரஜன் அதைப் பற்றிக்கொண்டு இழுபடும். உங்கள் பிரிடின் வளையம் அமைடு ஆன பிறகும் தன் காரத்தன்மையை விடவில்லை என்று அந்த வால் சொல்கிறது. மூன்றாவது, நீங்கள் நீர்த்த எச்சிஎல் கொண்டு கழுவுகிறீர்கள்.

புரோட்டானை ஏற்ற பிரிடினான பிரிடினியத்தின் பிகேஏ (எந்த பிஎச்சில் பாதி புரோட்டானோடு இருக்கும் என்ற எண்) சுமார் 5.2. நீர்த்த எச்சிஎல்லில் அந்த நைட்ரஜன் முழுக்கப் புரோட்டானை ஏற்றுக்கொண்டு உப்பாகிவிடும். உப்பானால் எத்தில் அசிடேட்டில் அதற்கு என்ன வேலை? நீருக்குள் இறங்கிவிடும். செபரேட்டிங் ஃபன்னலில் மேலடுக்கைப் பத்திரமாக வைத்துக்கொண்டு கீழடுக்கைக் கழிவில் ஊற்றியிருப்பீர்கள். காணாமல்போன உங்கள் 88 சதவீதத்தில் பெரும்பங்கு அங்கேதான் போயிருக்கவேண்டும் என்று நினைக்கிறேன். கொஞ்சம் சிலிக்காக் குழாயிலும் ஒட்டியிருக்கும்.

புத்தகம் சொல்லும் கழுவல் முறையில் தவறு இல்லை. இடிசி மிச்சம்வைக்கும் யூரியாவையும் மிஞ்சிய அமீனையும் வெளியேற்றத்தான் அமிலக் கழுவல். பெரும்பாலான அமைடுகள் அதைத் தாங்கும். உங்களுடையது தாங்காது. சீனியரின் நோட்டில் அந்த இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று போய்ப் பாருங்கள். ‘வழக்கமான வொர்க்கப்’ (கடைசியில் கழுவிப் பிரித்தெடுக்கும் வேலை) என்று இரண்டே சொல் இருந்தால் எனக்கு ஆச்சரியம் இருக்காது. அவருடைய வழக்கம் வெறும் தண்ணீரில் கழுவுவதாக இருந்திருக்கலாம். நோட்டை விட்டுப்போனவர் அந்த வழக்கத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இதைப் பற்றி எனக்கு ஆதங்கம் உண்டு. ரியாக்‌ஷனை எல்லோரும் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள், வொர்க்கப்பை யாரும் மதிப்பதில்லை. 2018-இல் வல்சார்டன் என்ற இரத்த அழுத்த மருந்தைப் பல நாடுகளில் திரும்பப் பெற்றார்கள். என்டிஎம்ஏ என்ற, புற்றுநோயை உண்டாக்கக்கூடிய மாசு அதில் இருந்தது. மருந்தின் டெட்ரசோல் வளையத்தை டிஎம்எஃப்-இல் வைத்து அசைடு என்ற வேதிப்பொருளைக் கொண்டு கட்டியிருந்தார்கள். மிஞ்சிய அசைடை அழிக்க நைட்ரைட்டும் அமிலமும் சேர்த்தார்கள். டிஎம்எஃப் சிதைந்து வந்த டைமெத்தில் அமீன் அந்த நைட்ரஸ் அமிலத்தோடு சேர்ந்து என்டிஎம்ஏ ஆகிவிட்டது. மிச்சத்தை அழிக்கிற, யாரும் இரண்டாம் முறை யோசிக்காத ஒரு படியில் நடந்தது இது.

சீனியரின் 71-ஐப் பற்றியும் ஒரு வார்த்தை. அவரைச் சந்தேகிக்கச் சொல்லவில்லை, ஆனால் என் முதல் லேப் கோடையில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பொருளை ரோட்டாவேப்பில் வற்றவைத்து எடை போட்டேன். 410 மில்லிகிராம். முழுக்க வந்தால் 427 வரவேண்டும். 96 சதவீதம் என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டேன். என் வழிகாட்டி ஃபிளாஸ்க்கைக் கையில் வாங்கிச் சாய்த்துப் பார்த்தார். அடியில் தேன் மாதிரி ஒன்று மெதுவாக நகர்ந்தது. “எடை நிலைத்ததா?” என்று மட்டும் கேட்டார். என்எம்ஆர் (பொருளின் அடையாளத்தைப் பீக்குகளாகக் காட்டும் சோதனை) எடுத்தோம். 4.12-இல் ஒரு குவார்ட்டெட், 2.05-இல் ஒற்றைப் பீக், 1.26-இல் ஒரு டிரிப்லெட். மூன்றும் வற்றாமல் மிஞ்சிய கரைப்பானான எத்தில் அசிடேட். இரவு முழுக்க ஹைவேக்கத்தில் (பலமான வெற்றிடத்தில்) போட்டுக் காலையில் எடை பார்த்தால் 270. அதாவது 63 சதவீதம். அடிக்கோடு போட்ட எண்ணை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் தேதியும் கையெழுத்தும் இட்டு, புதிய எண்ணை எழுதச் சொன்னார். வெள்ளை மை பூசவிடவில்லை. அடித்த 96-ம் படிக்கும்படி இருக்கவேண்டும் என்றார். இன்றுவரை ஃபிளாஸ்க்கின் எடை இரண்டு முறை மாறாமல் நிற்கும்வரை நான் எண்ணை எழுதுவதில்லை.

யாரும் திரும்பச் செய்து பார்க்கமாட்டார்கள் என்று நண்பர் சொல்வது சரியல்ல. ஜெர்மன் விஞ்ஞானி பால் எர்லிக்கின் லேபில் 606 என்று எண்ணிட்ட ஆர்சனிக் சேர்மம் ஒன்று இருந்தது. முதலில் சோதித்தபோது பயனில்லை என்று ஒதுக்கப்பட்டது. 1909-இல் அங்கே வந்த சகாச்சிரோ ஹட்டா அதைத் திரும்ப எடுத்துச் சோதித்தார். முயல்களில் சிபிலிஸ் நோயை அது குணமாக்கியது. அடுத்த ஆண்டே சால்வர்சான் என்ற பெயரில் மருந்தாக வந்துவிட்டது. உங்கள் அமைடும் ஏதோ ஒரு தொடரில் ஓர் எண். யாரோ ஒருவர் உங்கள் பக்கத்தைத் திறந்து, அதன்படி அளந்து போட்டு, உங்கள் 60-ஐ நம்பி விலையுயர்ந்த அமிலத்தை வீணாக்குவார். வராதபோது தன் கையைத்தான் சந்தேகிப்பார். நீங்கள் இந்த ஏழு வாரமும் பட்ட அதே பாடு.

இனி வேலை. உங்கள் வழிகாட்டியிடம் கேட்டுக்கொண்டு நான்காவது முறை சிறிய அளவில், 100 மில்லிகிராம் அமிலத்தில் வையுங்கள். பழைய மாதிரியே எச்சிஎல் கொண்டு கழுவுங்கள், ஆனால் அந்த நீரடுக்கைக் கொட்டாமல் ஒரு பீக்கரில் பிடித்து லேபிள் ஒட்டுங்கள். பைகார்பனேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு பிஎச் 8-க்குக் கொண்டுவாருங்கள். நுரை பொங்கும், நிதானம் வேண்டும். பொங்கி அடங்கிய பிறகே செபரேட்டிங் ஃபன்னலுக்கு மாற்றுங்கள், ஒவ்வொரு குலுக்கலுக்கும் வாயுவைத் திறந்துவிடுங்கள். டைகுளோரோமீத்தேனில் மூன்று முறை எடுத்து, உங்கள் 14 சதவீதப் பொடியின் பக்கத்தில் டிஎல்சி போடுங்கள். ஓடும் சால்வெண்டில் ஒரு சதவீதம் டிரைஎத்தில் அமீன் சேர்த்தால் வால் அடங்கும், சிலிக்காக் குழாய்க்கும் அதுவே உதவும். இரண்டு ஸ்பாட்டும் ஒரே உயரத்தில் நின்றால், எச்சிஎல் கழுவலை எடுத்துவிட்டுத் தண்ணீரில் மட்டும் நான்கைந்து முறை கழுவி ஐந்தாவது முறை செய்யலாம். நிற்காவிட்டால் நான் சொன்னது தவறு என்று அறிக்கையில் எழுதுங்கள். அடுத்து இடிசி பாட்டிலையும் டிஎம்எஃப்-இல் உள்ள ஈரத்தையும் பாருங்கள்.

கண்ணாடிச் சாமான் கழுவியதைக் குறைவாக எண்ணவேண்டாம். அசிட்டோனில் அலசியும் போகாத படலம் எந்த ஃபிளாஸ்க்கில் ஒட்டியிருக்கிறது என்று உங்களுக்கு இப்போது கண்ணால் பார்த்தே தெரியும்.

பீக்கரில் என்ன இருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.