கேஸ் குழாய் வேலைக்கு மகனை அனுப்பலாமா? ஒரு தாயின் கடிதத்துக்குப் பதில்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகன் பத்தாம் வகுப்பில் 500-க்கு 312 எடுத்துத் தேறியிருப்பதையும், மேல்நிலைப் படிப்பில் நாட்டமில்லாமல் கேஸ் குழாய் பொருத்தும் வேலைக்கே போவேன் என்று பிடிவாதம் பிடிப்பதையும், அடுப்பு பழுது பார்க்கும் உங்கள் தம்பி "நாளைக்கே என்னோடு அனுப்பு அக்கா" என்று சொல்லிக்கொண்டிருப்பதையும் விரிவாக எழுதியிருக்கிறீர்கள். கடைசியில், "வெடித்துவிட்டால் என்ன செய்வது?" என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறீர்கள். மதிப்பெண்ணையும் சம்பளத்தையும் பிறகு பார்க்கலாம்; அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன்.

சமையலறைக்குக் குழாய்வழி வரும் எரிவாயுவின் அழுத்தம் 21 மில்லிபார். தண்ணீரின் கணக்கில் சொன்னால், ஏறத்தாழ ஒரு சாண் உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் தரும் அழுத்தம்தான் அது. பலர் நினைப்பதுபோல் குழாய்க்குள் ஏதோ அடக்கிவைத்த பூதம் இல்லை. ஆபத்து குழாய்க்கு வெளியே உருவாகிறது. கசிந்த வாயு மூடிய அறையில் காற்றோடு கலந்து, நூற்றுக்கு 5 முதல் 15 பங்கு வரை சேர்ந்துவிட்டால், ஒரு மின்விசிறி சுவிட்சின் பொறியே போதும். குழாயில் வருவது பெரும்பாலும் மீத்தேன். காற்றைவிட இலேசானது என்பதால் மேலே ஏறி, திறந்த ஜன்னல் வழியாகவோ காற்றுப்போக்கி வழியாகவோ வெளியேறிவிடும். சிலிண்டரில் உள்ள எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தரையாகப் பரவி மூலைகளில் தங்கும். இரண்டுக்கும் இயல்பில் மணம் கிடையாது. கசிவு தெரியவேண்டும் என்பதற்காகவே அந்த அழுகிய வாடையைச் சேர்க்கிறார்கள். ஆக, வெடிப்பைத் தடுப்பது என்பது கசிவைத் தடுப்பதுதான். கசிவைத் தடுப்பது என்பது இணைப்பைச் செய்பவனின் கையையும் பொறுமையையும் பொறுத்தது. உங்கள் மகனுக்கு அந்தப் பொறுமை இருக்கிறதா என்பதுதான் நாம் பார்க்கவேண்டியது.

எங்கள் வீட்டுக்கு இணைப்பு கொடுக்க வந்தபோது நான் பார்த்ததைச் சொல்கிறேன். இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் நடுவயதுக்காரர், மற்றவர் இருபது வயது இளைஞர். மீட்டரிலிருந்து அடுப்புமேடை வரை குழாய் பொருத்தி முடிக்கும்போது மணி ஒன்றேகால். சாப்பாட்டு டப்பாக்கள் பிரிக்கப்படாமல் வாசலில் கிடந்தன. வாயுவைத் திறப்பதற்கு முன் குழாய்க்குள் காற்றை ஏற்றி, அழுத்தம் காட்டும், தண்ணீர் நிரம்பிய கண்ணாடிக் குழாய் போன்ற மேனோமீட்டரை மாட்டி, பெரியவர் அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டார். பத்து நிமிடத்தில் தண்ணீர் மட்டம் ஒரு நெல்மணி அளவுக்கு இறங்கியது. எனக்கு அது தெரியவேயில்லை, அவருக்குத் தெரிந்தது. தூரிகையால் ஒவ்வோர் இணைப்பிலும் சோப்புத் தண்ணீரைத் தடவிக்கொண்டே வந்தார். குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னாலிருந்த எல்போ என்னும் வளைவு இணைப்பில் கடுகளவு குமிழி ஒன்று எழுந்து, உடையாமல் நின்றது. இளைஞர் ஸ்பேனரை எடுத்து இன்னும் கொஞ்சம் முறுக்கப் போனார். பெரியவர் தடுத்தார், இணைப்பையே கழற்றி, பழைய டேப்பை உரித்து, மரையைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, மரை கெட்டிருந்த அந்தத் துண்டை ஒதுக்கிவிட்டுப் புதிதாகப் பொருத்தினார். பிறகு மீண்டும் பத்து நிமிடம். சாப்பிட உட்காரும்போது இரண்டு மணி ஆகியிருந்தது.

முறுக்கியிருந்தால் அன்றைக்கு அந்தக் குமிழி நின்றிருக்கக்கூடும். ஆறு மாதம் கழித்து யாரும் பார்க்காத நேரத்தில் மறுபடி எழுந்திருக்கும். இந்தத் தொழிலின் நுட்பம் முழுவதும் இப்படிப்பட்டதுதான். தெருவில் மண்ணுக்கடியில் ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழத்தில் பதிக்கப்படும் பாலிஎத்திலீன் குழாய்களை மின்சாரத்தால் உருக்கி ஒட்டுகிறார்கள். ஒட்டுவதற்கு முன் குழாயின் மேல்தோலைச் சீராகச் சுரண்ட வேண்டும். ஒட்டிய பிறகு, ஆறும்வரை பிடிப்பானைக் கழற்றாமல் காத்திருக்க வேண்டும். சுரண்டாமல் ஒட்டிய இணைப்பும் சுரண்டி ஒட்டிய இணைப்பும் வெளியே பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். மேற்பார்வையாளர் அடுத்த தெருவில் இருக்கும்போதும் சுரண்டுகிறவன்தான் இந்த வேலைக்கு ஆள்.

இப்போது உங்கள் தம்பியைப் பற்றி. அவர் சில சமயம் தீக்குச்சியைக் கொளுத்திக் குழாயருகே காட்டிக் கசிவு பார்ப்பார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பதினைந்து ஆண்டு அனுபவசாலியை நான் குறைத்துப் பேசவில்லை. ஒரு அடுப்பைப் பிரித்து மாட்டும் வேகம் அவருக்கு இருக்கும், அது எனக்கு வராது. ஆனால் மகன் இந்தத் தொழிலில் முதலில் கற்கும் பழக்கமே அவனுடைய வாழ்நாள் பழக்கமாகிவிடும். அது தீக்குச்சியாக இருக்கவேண்டாம். இதில் சட்டமும் குறுக்கே நிற்கிறது: 2016-இல் திருத்தப்பட்ட குழந்தை மற்றும் வளரிளம் பருவத் தொழிலாளர் சட்டப்படி, எளிதில் தீப்பற்றும் பொருள்கள் சார்ந்த அபாயகரமான வேலைகளில் 18 வயது நிரம்பாதவரை ஈடுபடுத்தக் கூடாது. உங்கள் மகனுக்குப் பதினாறுதான் ஆகிறது. "சட்டம் விடவில்லை" என்று சொல்லிவிட்டால், தம்பியின் மனமும் நோகாது.

நடுவே இருக்கும் அந்த இரண்டு ஆண்டுகளுக்குத்தான் ஐ.டி.ஐ. பொருத்தமாக இருக்கிறது. குழாய் வேலை என்றதும் பிளம்பர் பிரிவைத்தான் எல்லோரும் நினைப்பார்கள். அது ஓராண்டுப் படிப்பு. நான் ஃபிட்டர் பிரிவைப் பரிந்துரைக்கிறேன். இரண்டு ஆண்டுகள் அரமும் அளவுகோலும் பிடித்துப் பழகும் கை, எந்தக் குழாயையும் சரியாகப் பொருத்தும். அதைவிட முக்கியமாக, பத்தாம் வகுப்புக்குப் பிறகு இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்குப் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரும் வழி இருக்கிறது. இருபது வயதில் அவனுக்குப் படிப்பில் ஆசை வந்தால் (வருவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்) கதவு திறந்தே இருக்கும். அரசு ஐ.டி.ஐ.யில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவன் என்பதால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்கும் தகுதி இருக்கிறதா என்று சேர்க்கையின்போதே அலுவலகத்தில் கேளுங்கள். படிப்பு முடிந்ததும் தொழில்பழகுநர் பயிற்சி ஓராண்டு. அதன்பின், நகர எரிவாயுக் குழாய் பொருத்துநருக்கெனவே உள்ள குறுகியகாலச் சான்றிதழ்ப் பயிற்சி.

இங்கே ஓர் எச்சரிக்கை. நான் ஆலோசனை சொன்ன ஒரு மாணவன், என்னிடம் சொல்லாமல், "மூன்று மாதத்தில் கேஸ் டெக்னீஷியன், வேலை உறுதி" என்று சுவரொட்டி ஒட்டியிருந்த தனியார் பயிற்சி நிலையம் ஒன்றில் பணம் கட்டினான். பயிற்சி என்ற பெயரில் காட்டியது படங்களை மட்டும்தான். ஒரு குழாயைக்கூடக் கையில் கொடுக்கவில்லை. கொடுத்த சான்றிதழை எந்த ஒப்பந்ததாரரும் மதிக்கவில்லை. பணம் கட்டுவதற்கு முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: சான்றிதழ் என்.சி.வி.இ.டி. (தொழிற்பயிற்சிகளை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசு அமைப்பு) அங்கீகாரம் பெற்ற அமைப்பினுடையதா, மரை போடும் டையும் சோதனைக் கருவியும் பட்டறையில் எத்தனை இருக்கின்றன? இரண்டாவது கேள்விக்கு முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

வேலை கிடைக்குமா என்ற உங்கள் கேள்விக்கு: எண்ணூரில் திரவ இயற்கை எரிவாயு முனையம் 2019-இல் செயல்படத் தொடங்கிய பிறகு, தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் வீடுகளுக்குக் குழாய் பதிக்கும் பணி நடந்துகொண்டிருக்கிறது. பதிப்பது ஒருமுறை வேலைதான் என்றாலும், பதித்த குழாயைப் பராமரிப்பதும், கசிவு அழைப்புக்கு நடுஇரவில் ஓடுவதும், எல்.பி.ஜி. அடுப்பில் வாயு வரும் சிறு துளையுள்ள ஜெட்டை மாற்றிக் குழாய்வாயுவுக்கு ஏற்றபடி அமைத்துக் கொடுப்பதும் தொடரும் வேலைகள். ஆனால் தொடக்கத்தில் நிறுவனத்தின் நேரடிப் பணி கிடைப்பது அரிது. ஒப்பந்ததாரரிடம்தான் சேர வேண்டியிருக்கும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறாரா, அடுக்குமாடிச் சுவரில் குழாய் ஏற்றும்போது இடுப்புப் பட்டையும் தலைக்கவசமும் தருகிறாரா என்று கேட்டுவிட்டே சேர்க்க வேண்டும். உண்மையைச் சொன்னால், இந்தத் தொழிலில் எனக்கு வாயுவைவிட அந்த உயரம்தான் அதிக அச்சம் தருகிறது. வெடிப்பை நினைத்துத் தூக்கம் கெடும் பெற்றோர், எட்டாவது மாடியில் கயிற்றில் தொங்குவதை ஏனோ கேட்பதே இல்லை.

மரியாதை இருக்குமா என்றும் தயங்கியிருக்கிறீர்கள். பிரிட்டனில், வாயு வேலைக்குத் தகுதிபெற்றவர்களின் பட்டியலான கேஸ் சேஃப் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் வீட்டு வாயு இணைப்பில் கை வைப்பது சட்டவிரோதம். வீட்டுக்காரர் கதவைத் திறந்ததும் அடையாள அட்டையைக் கேட்டு, அதன் பின்பக்கத்தில் எந்தெந்த வேலைக்கு அனுமதி என்று படித்துப் பார்ப்பார். நம் ஊரில் அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை. வந்தால், சான்றிதழ் உள்ள உங்கள் மகனுக்குத்தான் நல்லது.

வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இருவரும் வாருங்கள். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் ஆகியவற்றின் நகல்கள் வேண்டும். மகன் ஒரு வேலையும் செய்துவிட்டு வரட்டும்: உங்கள் வீட்டு அடுப்புக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாயில் அச்சிட்டிருக்கும் ஆண்டைப் படித்து, ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரவேண்டும். அந்தக் குழாயை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது விதி. அதை நீங்கள் முன்கூட்டியே அவனிடம் சொல்லிவிடாதீர்கள். ஆண்டை மட்டும் எழுதி வருகிறானா, அதைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு ஏதாவது கேட்கிறானா என்று எனக்குத் தெரியவேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் ஆலோசகர்