பிளான் 300 ஆன பிறகும் ஸ்பீட் டெஸ்ட் 94-லேயே நிற்கிறதே, வீட்டு இணைய வேகத்தை எப்படிச் சரியாகச் சோதிப்பது?

கேள்வி இதுதான்: இணைய நிறுவனம் 100 எம்பிபிஎஸ் பிளானை 300 ஆக உயர்த்திவிட்டதாகச் செய்தி அனுப்பியிருக்கிறது. இரண்டு வாரமாகியும் டெஸ்டில் 94-ஐத் தாண்டவில்லை. நிறுவனம் பொய் சொல்கிறதா, இல்லை நாம் சோதிக்கும் விதம் தவறா?

இதே எண்ணோடு நானும் ஒரு வாரம் போராடியிருக்கிறேன். காலையில் எடுத்தாலும் 94, நள்ளிரவில் எடுத்தாலும் 94. கஸ்டமர் கேரை மூன்று முறை அழைத்தேன். ஒவ்வொரு முறையும் "எங்கள் பக்கம் 300 திறந்திருக்கிறது, மோடத்தை அணைத்துப் போடுங்கள்" என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர்கள் சொன்னது உண்மை. ஃபைபர் மோடத்துக்கும் ரவுட்டருக்கும் நடுவில் இருந்த ஒன்றரை மீட்டர் கேபிள்தான் தடை. முதல் முறை அழைக்கும் முன்பே அதைக் கழற்றிப் பார்த்திருந்தால் அந்த ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்.

இப்போது 94 என்று யாராவது சொன்னாலே எனக்கு விஷயம் பிடிபட்டுவிடும். நெரிசலால் வேகம் குறைந்தால் அது ஒரே எண்ணில் நிற்காது. 70, 130, 210 என்று நேரத்துக்கு நேரம் ஆடும். 92-க்கும் 95-க்கும் நடுவில் ஆணி அடித்தது போல நின்றால், வழியில் எங்கோ ஓர் ஈதர்நெட் இணைப்பு, அதாவது நெட்வொர்க் கேபிள் இணைப்பு, 100-இல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். 100 ஏன் 94 ஆகிறது? தரவு சின்னச் சின்னத் துண்டுகளாக, அதாவது பாக்கெட்டுகளாகப் போகிறது. ஒவ்வொரு பாக்கெட்டோடும் முகவரி, சரிபார்ப்பு எண், அடுத்த பாக்கெட்டுக்கு முன் விடும் சிறு இடைவெளி எல்லாம் சேர்ந்துதான் போகிறது. கம்பியில் 1538 பைட் அளவுக்கு இடம் செலவானால், அதில் நம்முடைய தரவு 1448 அல்லது 1460 பைட். வகுத்துப் பாருங்கள், 94-உம் சில்லறையும் வரும். இதே கணக்கில் கிகாபிட் போர்ட், அதாவது 1000 எம்பிபிஎஸ் தாங்கும் கேபிள் துளை, 940-ஐ ஒட்டி நிற்கும். 1000 பிளான் போட்டவர்கள் கிகாபிட் போர்ட்டில் 940 பார்த்தால் அது முழு வேகம்தான்.

ஈதர்நெட் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், அதாவது நான்கு ஜோடிகள் உண்டு. 100-க்கு இரண்டு ஜோடி போதும், கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். என் கேபிளின் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது பிளக்குக்குள் நான்கு கம்பிகள்தான் தெரிந்தன. பழைய 100 பிளானுக்கு அது போதுமாக இருந்தது, அதனால் வருடக்கணக்கில் யாரும் கவனிக்கவில்லை. எட்டும் இருந்து, 100-க்குத் தேவைப்படாத கம்பிகளில் ஒன்று மட்டும் சரியாகப் பதியாமல் இருந்தாலும் பெரும்பாலும் இதே கதைதான்: இரு பக்கக் கருவிகளும் தங்களுக்குள் பேசி 100-க்கு இறங்கிவிடும். இணைப்பு அறுகாது, எச்சரிக்கையும் வராது. எட்டுக் கம்பியும் உள்ள கேட்-5இ வகைக் கேபிள் ஒன்றை அதற்குப் பதிலாகப் போட்டேன், அடுத்த நிமிடமே 291 வந்தது.

உங்கள் வீட்டில் இதை எப்படிப் பார்ப்பது? விண்டோஸில் நெட்வொர்க் அமைப்புகளுக்குள் லிங்க் ஸ்பீட் என்று ஒரு வரி இருக்கும், லினக்ஸில் ஈத்டூல் கட்டளை சொல்லும். 100 என்று காட்டினால் உங்கள் லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் இடையில் பிரச்சினை. 1000 என்று காட்டினாலும் அத்தோடு விட்டுவிடாதீர்கள், அது அந்த ஒரு கேபிளைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது. ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்துக்குள் போய், மோடத்திலிருந்து கேபிள் வந்து சேரும் வேன் (WAN) போர்ட்டின் வேகத்தையும் பாருங்கள். சில ரவுட்டர்களில் வைஃபை புதிய தலைமுறையாக இருக்கும், போர்ட்டுகள் மட்டும் 100. பெட்டிமேல் பெரிய எழுத்தில் இருப்பது வைஃபையின் எண். போர்ட்டின் எண்ணைத் தேடித்தான் படிக்க வேண்டும்.

அடுத்து, கேட்பதற்குச் சின்ன விஷயம், ஆனால் பலர் தடுமாறும் இடம். பிளானில் சொல்லும் எம்பிபிஎஸ் என்பது விநாடிக்கு இத்தனை மெகாபிட். டவுன்லோட் ஆகும்போது கணினி காட்டுவது பெரும்பாலும் மெகாபைட். எட்டு பிட் ஒரு பைட். எனவே 300 எம்பிபிஎஸ் பிளானில் ஒரு கோப்பு விநாடிக்கு 37 மெகாபைட் அளவில் இறங்கினால் எல்லாம் சரியாக இருக்கிறது. அதே கோப்பு 11 அல்லது 12-இல் நின்றால் மறுபடியும் அந்த 94-ஐத்தான் வேறு உடையில் பார்க்கிறீர்கள்.

சோதிக்கும் முறைக்கு வருகிறேன். முதலில் மோடத்தையும் ரவுட்டரையும் ஒரு முறை அணைத்துப் போடுங்கள். கஸ்டமர் கேர் இதைச் சொல்லும்போது எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் புதிய பிளான் பல இணைப்புகளில் மறுபடி உள்நுழையும்போதுதான் அமலுக்கு வரும். பிறகு முதல் அளவை வைஃபையில் எடுக்காதீர்கள். லேப்டாப்பைக் கேபிளில் ரவுட்டரோடு இணைத்து, விபிஎன் (இணைப்பை வேறொரு சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பும் செயலி) இருந்தால் நிறுத்தி, மற்ற எல்லாக் கருவிகளின் வைஃபையையும் சில நிமிடம் அணைத்துவிட்டு எடுங்கள். லேப்டாப் மின்சாரத்தில் இணைந்திருக்கட்டும். பழைய கணினி, பத்து டேப் திறந்த பிரவுசர் என்றால் கணினியே மூச்சு வாங்கும், அது இணைப்பின் குறை போலத் தெரியும். மூன்று முறை எடுத்து நடு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த எண்தான் உங்கள் அடிப்படை. இது இல்லாமல் நிறுவனத்திடம் பேசினால் பேச்சு வைஃபையில் போய் முட்டி நின்றுவிடும்.

டேட்டா வரம்புள்ள பிளான் என்றால் ஒன்று: 300-இல் பதினைந்து விநாடி ஓடும் டெஸ்ட் ஒவ்வொன்றும் அரை ஜிபிக்கு மேல் விழுங்கும். நாள் முழுக்க எடுத்துக்கொண்டே இருக்காதீர்கள்.

எந்தத் தளத்தில் சோதிப்பது என்பதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு: ஒன்றில் மட்டும் சோதிக்கக் கூடாது. ஊக்லாவின் ஸ்பீட்டெஸ்ட் அருகில் இருக்கும், பிங் (ஒரு சிறு செய்தி போய்த் திரும்பும் நேரம்) குறைந்த சர்வரைத் தானே தேர்ந்தெடுக்கும். அது உங்கள் நிறுவனத்தின் நெட்வொர்க்குக்குள்ளேயே இருக்கலாம். பல இணைப்புகளை ஒரே நேரத்தில் திறந்து குழாயை நிரப்பும். வீட்டிலிருந்து நிறுவனம் வரை உள்ள பாதை எப்படி என்று தெரிய அது நல்ல கருவி. 2016-இல் வந்த ஃபாஸ்ட்.காம் நெட்ஃபிளிக்ஸுடையது, அந்த நிறுவனத்தின் சொந்த சர்வர்களிலிருந்து இறக்கும். எம்-லேப் என்ற இணைய அளவீட்டுத் திட்டம் நடத்தும் என்டிடி டெஸ்ட் ஒரே ஓர் இணைப்பை மட்டும் திறந்து, வீட்டு இணைய நிறுவனங்களின் நெட்வொர்க்குக்கு வெளியே இருக்கும் சர்வரோடு பேசும். எனவே மூன்றிலும் ஒரே எண் வர வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். முதலாவதில் 290, கடைசியில் 120 என்று திரும்பத் திரும்ப வந்தால் கடைசி மைல் (வீட்டுக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான பாதை) நன்றாக இருக்கிறது, நிறுவனம் வெளியுலகத்தோடு சேரும் இடத்திலோ அதற்கு அப்பாலோ இழுக்கிறது என்று சந்தேகிக்கலாம். முதலாவதிலேயே 120 என்றால் தேட வேண்டிய இடம் வீட்டுக்கு அருகில்.

கேபிளில் சரியான எண் வந்துவிட்டதா? இப்போது வைஃபையை எடுங்கள். ரவுட்டர் இருக்கும் அறையில் ஒன்று, அடுத்த அறையில் ஒன்று, நீங்கள் உண்மையில் உட்கார்ந்து வேலை செய்யும் இடத்தில் ஒன்று. 2.4 கிகாஹெர்ட்ஸில் சாதாரணமாக ஒரு ஃபோனுக்குக் கிடைக்கும் இணைப்பு வேகம் 72 அல்லது 144. காற்றில் ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டியிருப்பதால் கையில் கிடைப்பது அதில் ஏறக்குறைய பாதி. ஆக, அந்த அலைவரிசையில் இருக்கும் ஃபோனில் 300-ஐத் தேடிப் பயனில்லை, பிளானை 1000-க்கு உயர்த்தினாலும் அதே எண்தான். 5 கிகாஹெர்ட்ஸில் 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் இரண்டு ஆன்டெனா உள்ள வைஃபை 5 ஃபோனுக்கு இணைப்பு வேகம் 866 வரை போகும். ஒரே அறையில் 300 தாராளமாக வரும், இரண்டு சுவர் தாண்டினால் சரியும். பல ரவுட்டர்கள் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருக்கும். ஃபோன் எதில் ஒட்டிக்கொண்டது என்று பார்க்காமல் எடுத்த எண்ணுக்கு அர்த்தமில்லை.

என் வீட்டில் கடைசி அறையில் 40 வந்தது. மலிவான ரிப்பீட்டர் ஒன்றை நடுவில் வைத்தேன். அது வாங்கியதையே அதே ரேடியோவில் திருப்பிச் சொல்வதால் பாதி நேரம் கேட்பதிலும் பாதி நேரம் சொல்வதிலும் போனது. சிக்னல் கோடுகள் நிறைந்தன, வேகம் ஏறவில்லை. கடைசியில் அந்த அறைக்குக் கேபிள் இழுத்து இரண்டாவது ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை பரப்பும் கருவி) வைத்தேன். கேபிள் இழுக்க முடிகிற வீடு என்றால் முதல் நாளே அதைச் செய்யுங்கள்.

இதுவரை சொன்னது டவுன்லோட். நான் உண்மையில் அதிகம் கவலைப்படுவது அடுத்ததைப் பற்றி. 291 வந்த மகிழ்ச்சியில் இருந்த அதே வாரம், மனைவியின் வீடியோ அழைப்பு விட்டு விட்டுப் போனது. "300 என்றீர்களே" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. தேடிப் பார்த்ததில், என் ஃபோன் அன்றைய வீடியோக்களைக் கிளவுடுக்கு ஏற்றும் நேரத்தில் மட்டும் இது நடந்தது. பிளான் உயர்ந்தது டவுன்லோடில் மட்டும், அப்லோட் பழைய 20-இலேயே இருந்தது. செய்தியை மறுபடி படித்தேன், அப்லோட் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. உங்கள் செய்தியையும் ஒரு முறை அந்தக் கண்ணோடு படியுங்கள்.

அப்லோட் நிரம்பும்போது, கூடுதல் பாக்கெட்டுகளை மோடம் தூக்கி எறியாமல் வரிசையில் வைத்துக்கொண்டே போகும். வரிசை நீள நீள, பேசும் குரலும் அதே வரிசையின் கடைசியில் போய் நிற்கும். சும்மா இருக்கும்போது 8 மில்லி விநாடியாக இருந்த என் பிங், ஏற்றம் நடக்கும்போது 400-ஐத் தாண்டியது. இதற்குப் பஃபர்ப்ளோட் என்று பெயர். ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் 2010-இல் தன் சொந்த வீட்டு இணைப்பில் இதைப் பார்த்து, ஆராய்ந்து, பெயரும் வைத்து உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். சாதாரண டெஸ்ட் காட்டும் பிங், குழாய் காலியாக இருக்கும்போது எடுத்தது. சுமையின்போது பிங் எவ்வளவு என்று காட்டும் டெஸ்டைப் பாருங்கள்: கிளவுட்ஃபிளேர் டெஸ்ட் காட்டும், ஃபாஸ்ட்.காமில் கூடுதல் விவரத்தை அழுத்தினால் வரும். மேக் வைத்திருந்தால் 2021-இல் வந்த மான்ட்டரே பதிப்பிலிருந்து டெர்மினலில் நெட்வொர்க்குவாலிட்டி என்ற கட்டளையே இருக்கிறது.

தீர்வு ரவுட்டரில்தான். எஸ்க்யூஎம் (பாக்கெட் வரிசை நீளாமல் ரவுட்டரே பார்த்துக்கொள்ளும் வசதி) இருந்தால் அப்லோட் வரம்பை உண்மையான வேகத்தில் 90 சதவீதமாக வையுங்கள். அப்போது வரிசை மோடத்தில் சேராமல் ரவுட்டரிடம் சேரும், ரவுட்டர் அதை நியாயமாகப் பிரித்து அனுப்பும். எனக்கு 20-ஐ 18 ஆக்கியதில் சுமையிலும் பிங் 25-க்குள் வந்துவிட்டது. வீட்டில் மற்றவர்கள் கவனித்த ஒரே மேம்பாடு இதுதான், 94 எப்போது 291 ஆனது என்பது யாருக்கும் தெரியாது. ஒரு எச்சரிக்கை: டவுன்லோடுக்கும் இதைப் போட்டால் எளிய ரவுட்டர்களின் பிராசசர் 300-ஐத் தாங்காது, டெஸ்ட் எண் விழும். அப்லோடுக்கு மட்டும் போட்டுப் பாருங்கள்.

சரி, கேபிள் சரி, வைஃபை சரி, பகலில் 290 வருகிறது, இரவில் மட்டும் படுத்துவிடுகிறது என்றால் அது நிறுவனத்தின் பக்கம். ஜிபான் என்ற ஃபைபர் முறையில் ஓர் ஒளியிழை வழியே வருவது மொத்தம் 2.488 ஜிபிபிஎஸ் (1000 எம்பிபிஎஸ் ஒரு ஜிபிபிஎஸ்) டவுன்லோட், 1.244 அப்லோட். அதை 32 அல்லது 64 வீடுகள் பகிர்ந்துகொள்ளும். 32 வீட்டுக்கும் 300 என்றால் கூட்டினால் 9.6 ஜிபிபிஎஸ். எல்லாரும் ஒரே நொடியில் முழு வேகத்தில் இறக்க மாட்டார்கள் என்பதால் இது வழக்கமாக ஓடிவிடும். எல்லாருக்கும் பிளானை ஒரே நாளில் மூன்று மடங்காக்கிவிட்டு, அதற்கு மேலே உள்ள இணைப்புகளை அப்படியே விட்டால் இரவு நேரம் முதலில் அடிபடும். எனக்கு மூன்றாவது வாரம் அதுதான் நடந்தது.

அப்போது ஒரு தாளில் ஏழு நாள் எழுதினேன்: காலை ஏழு, மதியம் இரண்டு, இரவு ஒன்பதரை. ஒவ்வொரு முறையும் அதே லேப்டாப், அதே கேபிள், அதே சர்வர். பகல் எண்கள் எல்லாம் 280-க்கு மேல். இரவு எண்கள் 60-க்கும் 110-க்கும் நடுவில். கூடவே மோடம் பக்கத்தில் தெரியும் ஒளி அளவையும் குறித்தேன். பெரும்பாலான ஜிபான் மோடங்களுக்கு மைனஸ் 8-க்கும் மைனஸ் 27-க்கும் இடையில் டிபிஎம் (ஒளியின் பலத்தை அளக்கும் அலகு) இருக்க வேண்டும், எனக்கு மைனஸ் 19, அது பகலிலும் இரவிலும் மாறவில்லை. இழையில் குறை இருந்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும்.

இந்தத் தாளைப் புகைப்படம் எடுத்து எழுத்துப்பூர்வமாகப் புகார் அனுப்பினேன். இந்த முறை மோடத்தை அணைத்துப் போடச் சொல்லவில்லை. இரண்டு நாளில் தொழில்நுட்பப் பிரிவிலிருந்து ஒருவர் அழைத்து, எங்கள் பகுதிக்கு வரும் மேல் இணைப்பு நிரம்பியிருப்பதை ஒப்புக்கொண்டு, திறன் கூட்டப் பத்து நாள் கேட்டார். பதினொன்றாவது நாள் இரவு ஒன்பதரைக்கு அதே லேப்டாப்பில், அதே சர்வரில் எடுத்தேன். 284 வந்தது. தாளில் அதையும் எழுதி, அவருக்கு அனுப்பிவைத்தேன்.